உன் பெயரை எடுக்கச் சொன்னது நான்தான்

பாப்பா,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று தினமும் போனில் கேட்கிறேன். நீயும் "ம்" என்கிறாய். அதற்கு மேல் எனக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ரேவதி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இது இன்னொருத்தர் கையால் எழுதுகிற விஷயம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தால் தைரியம் போய்விடும். ஓட்டர் லிஸ்டிலிருந்து உன் பெயரை எடுத்தது மெம்பர் கணேசன் இல்லை. நான்தான். நீ அவரை ஊர் நடுவில் வைத்துக் கேட்டாய். அதனால் இதை நீ மறைத்துப் படிக்க வேண்டாம். உன் வீட்டுக்காரர், உன் மாமியார், யார் பக்கத்தில் இருந்தாலும் சத்தமாகவே படி.

போன கார்த்திகையில் அப்பா போனபோது விடாத மழை. நம் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக வடிகால் வாய்க்காலுக்குள் இறங்கித்தான் ஏறவேண்டும். கோடையில் முழங்கால் தண்ணீர். அன்றைக்கு மார்பளவு, அதுவும் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு. மேலத்தெரு வழியாகப் போனால் பாலம் இருக்கிறது. அந்த வழியில் நம் தெருப் பாடை போனதில்லை. ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம், நான் நின்றேன். என்னை நாலு பேர் பிடித்திருந்தார்கள். நீ நிற்கவில்லை. "ஏய், பொம்பளப் புள்ள எங்க வர்ற?" என்று யாரோ அதட்டினார்கள். "எங்கப்பாகூட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். திரும்பி வந்தபோது கழுத்து வரைக்கும் ஈரம். புடவைத் தலைப்பால் உன் தலையைத் துவட்டினேன். அப்போது சொன்னாய்: "தூக்கினவங்களுக்குக் கால் வழுக்கிடுச்சும்மா. அப்பா மொகம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான்தான் புடிச்சுத் தூக்கினேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு சின்னப் பாலம்மா. அவ்வளவுதான் வேணும்" என்றாய். நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நான் எங்கே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. குடியரசு தினத்துக் கிராம சபையை நினைத்துப் பார். ஊராட்சி செயலர் நோட்டை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டு உட்காருங்கம்மா, டீ வருது" என்றார். நூறு நாள் வேலைக்குப் போடுகிற மாதிரி நாங்கள் வரிசையாகப் போட்டோம். நோட்டு உன் கைக்கு வந்ததும் நின்றுவிட்டது. "மேல ஒண்ணுமே எழுதலையே சார். எதுக்குக் கீழ கையெழுத்து வாங்குறீங்க?" என்றாய். "தீர்மானத்தை அப்புறமா எழுதிக்குவோம்மா" என்றார். "அப்ப கையெழுத்தையும் நாங்க அப்புறமாவே போட்டுக்குறோம்" என்றாய். பின்னாலிருந்து ஒருத்தர், "கலெக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடி" என்று கத்தினார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "நிசமாவே கலெக்டர் வந்தா நீங்க எந்திரிச்சு நிக்க மாட்டீங்க பெரியப்பா, ஓடிப் போயிடுவீங்க" என்றாய். கூட்டம் உன் பக்கம் சிரித்தது. ரேவதி கைதட்டினாள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். நாலாவது வரியில் என் கையெழுத்து இருந்ததை நீ பார்த்தாய். நோட்டை மூடிச் செயலரிடம் கொடுத்தாய். நீ திட்டியிருக்கலாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று நான்தான் உன்னைத் திட்டினேன். நான் பழகினது அப்படி. என் முதல் ஓட்டை நாங்கள் வேலைக்குப் போகிற வீட்டம்மா சொன்ன சின்னத்துக்குப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா சொன்னதற்கு. நீ இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது என் விரல் மையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா போட்ட?" என்று கேட்டாய். அப்பா சொன்னதுக்கு என்றேன். "அப்பாவுக்கு யாரு சொன்னா?" என்றாய். நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்குச் சிரித்தது இப்போது நினைத்தால் கசக்கிறது. பதில் தெரியாமல்தான் சிரித்திருக்கிறோம்.

நீ கும்பகோணத்தில் காலேஜ் முடித்துவிட்டு நன்னிலத்து ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனாய். லீவு நாளில் அங்கன்வாடி வாசலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பதினெட்டு வயசான பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் சேர்க்கிற படிவம் எழுதிக் கொடுத்தாய். ரேவதிக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நீ ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம். "கேள்வி கேளுங்கடின்னு மட்டுந்தான், அத்தை, அக்கா சொல்லும்" என்று அவள் சொன்னாள். எனக்குப் பெருமைதான். ஆனால் உளுந்து பறிக்கிற இடத்தில் வேலை கொடுக்கிற வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணைக் கொஞ்சம் சொல்லி வையிடி. நாளைக்கு உன்னை வேலைக்குக் கூப்பிட யோசிப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுச் சொன்னார். அதுதான் என்னை ஆட்டிவிட்டது. அப்பாவும் இல்லை. நாம் இரண்டு பொம்பளைகள். அப்படிப்பட்ட நேரத்தில்தான் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. உன் மாமியார் உளுந்த வடையைப் பிட்டுக்கொண்டே, "பொண்ணு மைக்கெல்லாம் புடிக்குமாமே?" என்று கேட்டார். "சின்னப் புள்ளைங்க வெளையாட்டுங்க. எல்லாம் நின்னுடும்" என்று சொல்லிவிட்டேன். நீ அப்போது கடையில் யாருக்கோ முதியோர் பென்ஷன் மனு எழுதிக்கொண்டிருந்திருப்பாய்.

அந்த மாசியில்தான் ஓட்டர் லிஸ்டைச் சரிபார்க்க அங்கன்வாடிக்குப் புதிதாக வந்த டீச்சர் வீடு வீடாக வந்தார். வெளியூர்க்காரர், நம்மை ஒன்றும் தெரியாது. நான் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரை வாசித்தார், சரி என்றேன். அப்பா பெயரை வாசித்துவிட்டு, "அய்யா இருக்காங்களா?" என்றார். "வயலுக்குப் போயிருக்காங்க" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, பாப்பா. வாசலில் யார் வந்து கேட்டாலும் இத்தனை வருஷம் அதைத்தானே சொல்லியிருக்கிறேன். நாக்கு அதைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்த மனசு வரவில்லை. அவரும் ஒரு டிக் போட்டுக்கொண்டார். அந்த டிக்கைப் பார்க்க எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்புறம் உன் பெயர். "அதுக்குக் கல்யாணம் ஆகப் போவுது டீச்சர். பேரை எடுத்துடுங்க" என்றேன்.

"ஆகட்டும்மா. போற எடத்துல போயி மாத்திக்கலாம்."

"இல்ல, இப்பவே எடுத்துடுங்க. ரேஷன் கார்டுல இங்க எடுத்துட்டுத்தானே அங்க சேக்குறாங்க?"

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டாச்சு. நான் தாயார்தானே, நான் கையெழுத்துப் போடுறேன். குடுங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு படிவத்தை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை. விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன்.

ரேஷன் கார்டு மாதிரி என்று நினைத்துவிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதி இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. உன் பெயர் இந்த ஊர்ப் பட்டியலில் இல்லாமல் போனால் நீ இந்த ஊரோடு மல்லுக்கட்டுவதும் நின்றுவிடும் என்று மனசின் ஒரு ஓரத்தில் இருந்தது. இல்லாவிட்டால் அடுத்து நடந்ததைச் செய்திருப்பேனா? கொஞ்ச நாளில் உன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. பழுப்புக் கவர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் பெயரும் "நீக்கம்" என்ற சொல்லும் புரிந்தது. ஆட்சேபணை இருந்தால் வரச் சொல்லியிருப்பதும் மெல்லப் புரிந்தது. நீ கடைக்குப் போயிருந்தாய். அதை டிரங்குப் பெட்டியில் அப்பாவுடைய சட்டைக்கு அடியில் வைத்தேன். அந்தச் சட்டையை நீ எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நீ வார்டு மெம்பருக்கு நிற்கப் போகிறேன் என்று சொன்னபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். லிஸ்டில் பெயர் இல்லாவிட்டால் நிற்கவே முடியாது என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஓட்டுத்தான் போட முடியாது என்று நினைத்தேன். நீயும் ஊருக்கெல்லாம் லிஸ்டில் பெயர் பார்த்தவள், உன் பெயரைப் பார்க்கவில்லை. போன தடவை ஓட்டுப் போட்டிருக்கிறோம், அட்டை கையில் இருக்கிறது என்று இருந்துவிட்டாய். மனுவில் உன் பெயரை முன்மொழிய இந்த வார்டு ஆள் ஒருத்தர் வேண்டும் என்றாய். "நீதாம்மா போடணும்" என்றாய். போட்டேன். அந்த ஒரு கையெழுத்தை மட்டும் நீ எனக்குப் படித்துக் காட்டிவிட்டு வாங்கினாய்.

ஊராட்சி அலுவலகத்தில் அந்த அதிகாரி லிஸ்டில் விரலை மேலும் கீழும் ஓட்டினார். "உங்க வீட்டுல ரெண்டு பேருதாம்மா இருக்கு. அப்பா, அம்மா." நீ, "அப்பா எறந்துட்டாங்க சார்" என்றாய். "லிஸ்ட்ல இருக்காரே" என்றார். அட்டையை எடுத்துக் காட்டினாய். "அட்டை இருந்தா பத்தாதும்மா, பேரு இருக்கணும்" என்றார். பெயர் சேர்க்கிற நாளும் முடிந்துவிட்டது என்றார். வரிசையில் நின்றிருந்த ஒருத்தர், "அப்பாவையே நிக்கச் சொல்லேன், அவரு பேருதான் இருக்குல்ல" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

வெளியே கணேசன் நின்றிருந்தார். நீ நேராகப் போய், "பேரை வெட்டி ஜெயிக்கிறதுக்கு வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றாய். அந்த மனிதர் முகம் செத்துப்போனது. "நான் வெட்டலம்மா சுகன்யா. எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் வெட்டல" என்றார். நீ கேட்கவில்லை. நான் வயர் கூடையைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை, "நான்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை. வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் நம் வாசலுக்கு வந்தார். நீ வீட்டில் இல்லை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "அக்கா, நான் பாலம் கட்டலை, அது நெசம். பேரை வெட்டல, அதுவும் நெசம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க" என்றார். "தெரியும்" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவரை எதிர்த்து யாரும் இல்லாததால் போட்டியில்லாமல் மறுபடியும் மெம்பர் ஆனார். தேர்தல் அன்றைக்கு நீ வீட்டில் பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் ரேவதியோடு போனேன். அவளுக்கு முதல் ஓட்டு. மூன்று சீட்டுக் கொடுத்தார்கள். "வெள்ளைச் சீட்டு எங்க சார்?" என்று கேட்டாள். மெம்பருக்குப் போட்டியில்லை, அதனால் அந்தச் சீட்டு கிடையாது என்றார்கள். "நாலு சீட்டையும் மை ஒட்டாம எப்படி மடிக்கிறதுன்னு அக்கா பேப்பர் கிழிச்சு செஞ்சு காட்டுச்சு அத்தை" என்று போகும்போதே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். என் முறை வந்தபோது அங்கே இருந்தவர் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முந்தின நம்பர் உங்க வீட்டுக்காரரா? வரலையா?" என்றார். கணேசன் தலைவர் வேட்பாளருக்கு ஏஜென்டாக அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான், "வயல்ல இருக்காங்க" என்றேன். மறுபடியும். அப்பாவுக்குப் பாடையில் மாலை போட்டவர் அவர். கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் நீ, "சரிம்மா. அந்தத் தரங்கம்பாடி மாப்பிள்ளையே இருக்கட்டும்" என்றாய். நான் எதற்காக இவ்வளவும் செய்தேனோ அது கிடைத்துவிட்டது. ஆவணியில் மணவறையில் நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். யார் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் திரும்பினாய். "எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்று உன் மாமியார் வீட்டார் சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்னை அப்படிக் குனிந்து நான் பார்த்ததே இல்லை. அப்பா தண்ணீரில் போன அன்றைக்குக்கூட நீ நிமிர்ந்துதான் வந்தாய். மாப்பிள்ளை நல்லவர் என்று தெரிகிறது, உன்னை ஏசுவதில்லை என்கிறாய். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு மாரியப்பன் அண்ணன் செத்துப்போனார். புரட்டாசி மழை ஆரம்பித்துவிட்டது, வாய்க்காலில் இடுப்புக்கு மேல் தண்ணீர். நீ பெயர் சேர்த்துவிட்ட பிள்ளைகள், மேலத்தெரு வழியாகத் தூக்கிப் போவோம் என்று பேசிக்கொண்டார்கள். "அக்கா இருந்தா போயி கேட்டிருக்கும்" என்றாள் ரேவதி. "நீ போயி கேளேன்டி" என்றான் ஒருத்தன். "நீ ஆம்பளதான, நீ கேளு" என்றாள். யாரும் போகவில்லை. தண்ணீரிலேயே இறக்கினார்கள். நான் தெருமுனையில் நிற்கவில்லை, பாப்பா. கரை வரைக்கும் போனேன். யாரும் அதட்டவில்லை. வயசாகிவிட்டது, இவள் போனால் என்ன என்று விட்டுவிட்டார்கள் போல. தூக்கினவர்கள் தடுமாறுவதையும், பாடை ஒரு பக்கம் சாய்வதையும், மாலை அறுந்து ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டதையும் பார்த்தேன். நீ பார்த்ததை நான் பத்து மாசம் கழித்துப் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்ய? நின்றுகொண்டிருந்தேன். நாளைக்கு எனக்கும் அந்தத் தண்ணீர்தான். அன்றைக்கு நீ தரங்கம்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் என்னை இறக்கியிருப்பார்கள். அதையும் எழுதி உன்னைக் கலங்க வைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மறுநாள் கணேசன் வீட்டு வாசலில் போய் நின்று, அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "நீங்க தெரியும்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அக்கா" என்றார் அவர். அந்த அம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. "அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எங்க வாசல்ல எதுக்கு நிக்கிறீங்க? போயி அதுக்கிட்ட சொல்லுங்க" என்றார். நியாயம்தானே.

அங்கன்வாடி டீச்சரிடம் போய் இரண்டு படிவம் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்று அப்பாவுக்கு. பெயரை எடுப்பதற்கான காரணம் எழுதுகிற இடத்தில் "இறந்துவிட்டார்" என்று என் கையாலேயே எழுதினேன். எட்டு எழுத்துத்தான். முடிக்க வெகுநேரம் ஆனது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இனி யார் வந்து கேட்டாலும் நான் வயலைச் சொல்ல முடியாது.

இன்னொரு படிவம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. அது உனக்கு. இந்த ஊரில் சேர்த்துவிடலாமா என்று டீச்சரைக் கேட்டேன். நீ எங்கே குடியிருக்கிறாயோ அந்த ஊரில்தான் சேர்க்கலாமாம். அப்படியானால் நம் வாய்க்காலுக்கு நீ இனிமேல் இல்லை. இதற்கு மேலே ஒரு வரியில் "வந்துவிடு" என்று எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும், பிடிக்காதே. நீ இருக்கிற ஊரிலும் ஏதாவது ஒரு வாய்க்கால் இருக்கும். கிராம சபையில் வெறும் நோட்டை நீட்டுவார்கள். உன் மாமியாரும் என்னைப் போல நாலாவது வரியில் போட்டுவிட்டு டீக்குக் காத்திருப்பார். அவரைத் திட்டாதே. பயந்துகொண்டுதான் போட்டிருப்பார். மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கணேசனிடம் மட்டும் ஒரு தடவை போனில் பேசிவிடு.

படிவத்தில் ஊர்ப் பெயர் எழுதுகிற இடத்தை நான் நிரப்பவில்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் ரேவதி பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் என் கை பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பழக்கம். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு அதை மடித்துக் கவரில் போட்டேன். முதலில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார். அப்புறம் உனக்குத் தோன்றினால் போடு.

அம்மா